என் பெயரை இரவு பத்து மணிக்கு விற்காதீர்கள்

சனிக்கிழமை இரவுகளில் பழைய துப்பறியும் படங்களை வரிசையாக ஒளிபரப்பிவரும் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

ஒரு மாதமாக உங்கள் அலைவரிசையில் ஒரு முன்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் வந்த படங்களிலிருந்து வெட்டி எடுத்த கிளப் நடனத் துண்டுகள். மதுக்கோப்பை, கையில் சிகரெட், கழுத்தில் ஆடும் சிலுவை. பின்னணியில் ஓர் ஆண் குரல், "ரீட்டா வருகிறாள்... லில்லி வருகிறாள்... ரோஸி வருகிறாள்..." என்று ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்துச் சொல்கிறது. முடிவில் ஒரு போட்டி அறிவிப்பு: "உங்கள் ரீட்டா யார்?" பிடித்த கவர்ச்சி நடிகையின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பரிசு உண்டாம்.

ரீட்டா, லில்லி, மேரி, ரோஸி, ஸ்டெல்லா. இந்த ஐந்தில் ஒன்று என் பெயர். 67 வருடங்களாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். எது என்று இங்கே எழுதாததற்குக் காரணம் என் பேத்தி. எங்கள் வீட்டு வழக்கப்படி அவளுக்கும் அதே பெயர்தான். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளி வேனிலிருந்து இறங்கி வந்தவள், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அப்பாயி, நம் பெயர் கெட்ட பெயரா?" அவள் வேனில் ஏறும்போதெல்லாம் பெரிய வகுப்புப் பையன்கள் உங்கள் முன்னோட்டக் குரலிலேயே அவள் பெயரை இழுத்து, "வருகிறாள்... வருகிறாள்..." என்கிறார்களாம்.

உங்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டாவது கடிதத்துக்குத் தொலைபேசியில் ஒரு பதில் வந்தது. "பழைய படம்தானே அம்மா, அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள்." இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நான் இந்தப் படங்களுக்கு எதிரி இல்லை. கொலை நடந்த வீடு, மழை பெய்யும் இரவு, வராந்தாவில் காலடிச் சத்தம் என்றால் இன்றும் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். 'அதே கண்கள்' படத்தை முதலில் பார்த்தபோது தனியாகக் கொல்லைப்புறம் போக ஒரு மாதம் பயந்தேன். உங்கள் வரிசை தொடங்கியபோது முதல் வாரமே மகனிடம் சொல்லி நேரம் குறித்துவைத்தவள் நான்.

ஆனால் இந்தப் படங்களில் எங்களைப் போன்ற கிறித்தவப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட இடம் எது என்பதும் எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது.

1970 அல்லது 71 இருக்கும். திருச்சி பொன்மலையில் இருந்தோம். அப்பா ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். அன்று எனக்கு ஏறக்குறைய என் பேத்தியின் வயது. அம்மாவோடும் பக்கத்து வீட்டுப் பெண்களோடும் டூரிங் டாக்கீஸுக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் என்னை உட்கார வைத்திருந்தார் அம்மா. அவர் கழுத்தில் கல்யாணத்தின்போது பாட்டி போட்ட மெல்லிய சங்கிலி. அதில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சிலுவை.

படத்தில் வில்லனின் கூடாரம் வந்தது. மாடிப்படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். படம் அவள் கழுத்தருகே போய் நின்றது. விரல் நீளத்தில் ஒரு சிலுவை. வில்லன் கையை நீட்டி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். திரையில் என் பெயரைக் கேட்பது அதுதான் முதல் முறை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவின் தோளைத் தட்டத் திரும்பினேன். அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து விசில். பெஞ்சிலிருந்து ஒருவன் அதே பெயரைக் கத்திக் கூப்பிட்டான். அம்மாவின் வலக்கை கழுத்துக்குப் போனது. சங்கிலியை இழுத்து, சிலுவையை ரவிக்கைக்குள் விட்டு, முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். இடைவேளையில் விளக்குப் போட்டபோதும் அதை விலக்கவில்லை.

அன்று முதல் அம்மா தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டுக்குள் பெயர், வாசலைத் தாண்டினால் 'பாப்பா'. சாகும்வரை அப்படித்தான். அந்தச் சிலுவையும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டுமே வெளியே வரும்.

அது எந்தப் படம் என்று எழுதப் போவதில்லை. ஒரு படத்தின் குற்றமாக அதைச் சுருக்க எனக்கு விருப்பமில்லை. அப்படி எத்தனையோ படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அவள் ஒருத்தியே. கொள்ளைக் கூட்டத் தலைவனின் மடியில் இருப்பாள், கதாநாயகனுக்குப் பாலில் மருந்து கலப்பாள், மனம் திருந்தினால் அவனுக்கு வந்த குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாவாள். அவளுக்கு அம்மா கிடையாது, வீடு கிடையாது, ஊர் கிடையாது. கதாநாயகியும் சில படங்களில் அதே கிளப்பில், அதே உடையில் ஆடுவாள். ஆனால் கதாநாயகி அந்த உடையைப் போட்டால் அது மாறுவேடம், ரீட்டா போட்டால் அது குணம். பாட்டு முடிந்ததும் கதாநாயகி புடவைக்குத் திரும்பிவிடுவாள். ரீட்டாவுக்குத் திரும்பிப் போக ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

நிஜத்தில் அந்தப் பெயர்கள் எங்கே இருந்தன? மருத்துவமனை வார்டுகளில், பள்ளிக்கூடங்களில், தட்டச்சு இயந்திரங்களுக்கு முன்னால். என் அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து காலை முதல் பஸ்ஸில் வெள்ளைச் சீருடையோடு வருவார். பின் இருக்கையிலிருந்து கிளப் பாட்டின் முதல் அடியை யாராவது முணுமுணுப்பார்கள். இரவெல்லாம் பிறர் வீட்டு நோயாளிக்குப் படுக்கை மாற்றிவிட்டு வந்தவர், தலை குனிந்து பஸ்ஸை விட்டு இறங்குவார். எனக்கு வேலை கிடைத்து வேறு ஊரில் வீடு பார்த்தபோது, அந்த வீட்டு அம்மாள் என் பெயரைக் கேட்டுவிட்டு, "இரவில் யாரும் வந்து போவார்களா?" என்றார். வீடு தரவில்லை. பள்ளியில் சேர்ந்த முதல் நாள், தமிழாசிரியை என்று அறிமுகப்படுத்தியபோது சக ஆசிரியர் ஒருவர், "இந்தப் பெயரில் தமிழா?" என்று சிரித்தார். பிறகு வீரமாமுனிவரின் தேம்பாவணியை நடத்திக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரிசையிலிருந்து என் பெயர் ஒரு பாட்டாக மெல்ல எழும். கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டே, கையிலிருக்கும் சுண்ணக்கட்டியை உடைக்காமல் பிடித்துக்கொள்ளப் பழகினேன்.

அந்தக் கிளப்பைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் பலவற்றை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். இந்தியாவில் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டமும் அதே சேலம்தான், 1937-ல். 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் வந்து 1971 வரை நீடித்தது. ஆக, 'வல்லவன் ஒருவன்' வந்த 1966-ல், பாட்டில்கள் அடுக்கிய பளபளப்பான மது விடுதியை நம் ஊர் ரசிகர்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதே இல்லை. அது அட்டையும் ஒட்டுப் பலகையும் சாயமும் சேர்ந்த இடம். படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். அதற்குள் ஆடியவளுக்கு வைத்த பெயர் மட்டும் தெருவில் நடமாடும் பெண்கள்மேல் ஒட்டிக்கொண்டது. இல்லாத கிளப்புக்கு இருக்கிற எங்கள் பெயர்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு எப்போதும் தொண்டையில் நிற்கிறது. திரையில் ரீட்டாவாகவும் லில்லியாகவும் ஆடிய பலர் எங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் அந்த நடனங்களுக்குப் பின்னால் ஒலித்த குரல், பெரும்பாலும் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல். 'வல்லவன் ஒருவன்' படத்தின் 'பளிங்கினால் ஒரு மாளிகை' அவர் பாடியதுதான். அவருடைய முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தாயாரும் படங்களில் கோரஸ் பாடியவர். எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று ஒரு பாடகி ஏற்கெனவே இருந்ததால் பெயரைச் சுருக்கி ஈஸ்வரி ஆக்கினார்கள். அதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள்: நிஜமான மேரியின் பெயர் 'எல்' என்ற ஓர் எழுத்துக்குள் ஒடுங்கிப்போனது. கற்பனையான மேரிக்குத்தான் சிலுவை போட்டு, கோப்பை கொடுத்து, படியிறங்க விட்டார்கள். அம்மன் பாடல்களைப் பாடி நாட்டையே ஆடித் திருவிழாவுக்குக் கூட்டிப்போன அதே குரல் அது. உங்கள் முன்னோட்டத்தில் அந்தக் குரலின் எட்டு வினாடி வருகிறது. அவர் பெயர் எங்கும் இல்லை.

ஆடியவர்களுக்கும் நீதி நடக்கவில்லை. 1970-ல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' படத்துக்குப் பிறகு சகுந்தலா என்ற நல்ல நடிகை, சி.ஐ.டி. சகுந்தலா ஆகிவிட்டார். 2024-ல் அவர் காலமானபோது செய்தித் தலைப்புகளிலும் அந்த ஒட்டுச்சொல் கூடவே போனது. பிறரை ரீட்டா என்று அழைத்த அதே திரை, ஆடியவரின் சொந்தப் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

இது தமிழ்ப் படங்களோடு நின்றதும் இல்லை. இந்தியில் 'ஹௌரா பிரிட்ஜ்' படத்தில் கிளப் பாடகியின் பெயர் எட்னா. அதே படத்தில் சீன வில்லன் ஜான் சாங்காக நடித்தவர் மதன் புரி. 'கும்நாம்' படத்தில் ஹெலன் மிஸ் கிட்டி, 'தீஸ்ரி மன்ஸில்' படத்தில் ரூபி, 'காரவான்' படத்தில் மோனிகா. கல்கத்தாவின் சீனக் குடும்பங்கள் அந்த ஜான் சாங்கை எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நம் படங்களில் கடத்தல்காரனுக்குக் கைலியும் தொப்பியும் மாட்டியதை என்னோடு வேலை பார்த்த நாகூர்ப் பக்கத்து ஆசிரியை சொல்லி அழுதிருக்கிறார். அடியாள் என்றால் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். அது அவரவர் சொல்ல வேண்டிய கதை, நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ரோஸி என்ற பெயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே.ரோசி. தலித் பெண். 'விகதகுமாரன்' படத்தில் நாயர் குலத்துப் பெண்ணாக நடித்ததற்காக ஆதிக்க சாதியினர் அவரைத் துரத்தினார்கள். ஊரை விட்டுத் தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்து, நடிப்பையே மறைத்து வாழ்ந்தார். ரோஸி நல்ல குடும்பத்துப் பெண்ணாக நடிக்கக் கூடாது என்று கல் எறிந்த அதே தெற்கில்தான், பிறகு கொள்ளைக் கூட்டத்துப் பெண்களுக்கெல்லாம் ரோஸி என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரைத்தான் உங்கள் ஆண் குரல் இழுத்து இழுத்து உச்சரிக்கிறது.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். "அந்தக் காலம் அப்படி."

அந்தக் காலம் முழுவதும் அப்படி இல்லை. 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கியவள் படித்த மனைவியே என்று கதையை முடிக்க அப்போதே துணிவு இருந்தது. 1982-ல் 'மூன்று முகம்' வந்தது. அலெக்ஸ் பாண்டியன் என்ற பெயரில் ஒரு போலீஸ் அதிகாரி திரையில் நடந்து வந்தபோது இதே ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். இந்தப் பெயர்களை ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதெல்லாம் பொய். என் தம்பிகளுக்குச் சீருடை கிடைத்தது, எனக்கும் அக்காவுக்கும் கிளப்தான் கிடைத்தது.

அதைவிட முக்கியம், அந்தப் படங்கள் அவர்கள் அன்று செய்தவை. முன்னோட்டம் நீங்கள் இந்த மாதம் செய்தது. அன்றைய இயக்குநர் எவரும் நடனங்களை மட்டும் வெட்டி ஒட்டி, சிலுவை தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, "உங்கள் ரீட்டா யார்?" என்று கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். வேறொருவர் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார். அந்த ஒப்புதலைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

திரையில் குறிப்புப் போட இடமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, வில்லன் சிகரெட்டைப் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும், புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு என்று கீழே எழுத்துப் போடுகிறீர்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சிகரெட்டுக்கும் போடுகிறீர்கள். நுரையீரலுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் எங்கள் பிள்ளைகளின் முகத்துக்கும் காட்டக் கேட்கிறேன். அமெரிக்காவில் பழைய படங்களுக்கென்றே இருக்கும் டர்னர் கிளாசிக் மூவிஸ் அலைவரிசை, 2021 மார்ச் மாதம் இனம், பெண்கள் குறித்த சிக்கல்கள் உள்ள தன் பழைய படங்களைத் தனி வரிசையாக ஒளிபரப்பியது. ஒரு காட்சியையும் வெட்டவில்லை. தொகுப்பாளர்கள் உட்கார்ந்து, இதில் எது நெருடுகிறது, ஏன் நெருடுகிறது, இருந்தும் ஏன் பார்க்கிறோம் என்று பேசினார்கள். சீனத் துப்பறிவாளர் சார்லி சானாக ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட் நடித்த நாடு அது. அவர்களுக்கும் கணக்குத் தீர்க்க நிறைய இருக்கிறது. பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

நான் கேட்பவை இவை.

வரும் சனிக்கிழமைக்குள் அந்த முன்னோட்டத்தையும் வாட்ஸ்அப் போட்டியையும் நிறுத்துங்கள். இணையத்தில் ஏற்றிய துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். வேனில் வரும் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்ப்பதைவிடக் கைப்பேசியில்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

படங்களை நிறுத்தாதீர்கள், காட்சிகளை வெட்டாதீர்கள். என் அம்மா எதைப் பார்த்து முந்தானையைப் போர்த்தினார் என்பதைப் பேத்தி வளர்ந்தபின் பார்க்கட்டும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மூன்று நிமிடம் ஒதுக்கி, அதில் யார் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு பேச வையுங்கள். சில வாரங்களாவது அந்தப் பெயர்களைச் சுமந்த பெண்களை அழையுங்கள். ஓய்வுபெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் இருக்கிறார்கள். பரங்கிமலையிலும் பெரம்பூரிலும் பொன்மலையிலும் ஆங்கிலோ இந்தியப் பாட்டிகள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

நடனம் வரும்போது ஆடியவரின் பெயரையும் பாடியவரின் பெயரையும் திரையின் கீழே போடுங்கள். பழைய பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் போடுங்கள். குழு நடனத்தில் பின்வரிசையில் ஆடிய பெண்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருப்பார்கள்.

வரிசையில் 'அந்த நாள்' படத்துக்கு ஒரு சனிக்கிழமை கொடுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். இதன் ஒரு படியை என் முழுப்பெயர், முகவரியோடு உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தொலைபேசி வேண்டாம். எங்கள் தபால்காரர் உறையின் மேலுள்ள பெயரை வாசலில் நின்று உரக்கப் படித்துத்தான் கொடுப்பார். பேத்தி வீட்டில் இருக்கும் நேரம் அது. என் பெயரை முழுதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி